பெட்டியே இல்லாத புதையல்கள்: அபூர்வ வகை ஜியோகேஷ்களை இணையத்தில் தேட நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

யாரோ ஒளித்து வைத்து இணையத்தில் இடக்குறிப்புப் போட்ட பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடிப் பிடிக்கும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். அந்தப் பெட்டியை ஜியோகேஷ், சுருக்கமாகக் கேஷ் என்பார்கள். வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டு ஜியோகேஷிங் வரைபடத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வெற்றிடம்தான். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ ஏதாவது ஒரு ஊரைத் திறந்து பாருங்கள், தெருவுக்குத் தெரு பச்சைக் குறிகள் மொய்க்கும். நம் பக்கம் விரலால் நகர்த்தி நகர்த்தித் தேடினாலும் மிகச் சிலதான் சிக்கும். பலர் அந்த இடத்திலேயே செயலியை நீக்கிவிடுகிறார்கள். "நம்ம ஊர்ல இதெல்லாம் இல்ல" என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

கோளாறு கேள்வியில் இருக்கிறது. "எனக்குப் பக்கத்தில் என்ன பெட்டி இருக்கிறது" என்று கேட்டால் நெல்லையில் பதில் சுருக்கமாகத்தான் வரும். "எந்த வகை, எந்தத் திசையில், யார் வைத்தது" என்று கேட்டால் பதில் நீளும். பெட்டி வைத்துப் பராமரிக்க உள்ளூரில் ஆள் வேண்டும். பெட்டியே இல்லாத வகைகளுக்கு இடம் மட்டும் போதும். இடத்துக்கு நமக்கு என்ன பஞ்சம்? தேரி மணல், ஆற்றுப் பாறை, மலை, கோட்டைச் சுவர் எல்லாம் இருக்கிற சீமை இது. அதனால் அபூர்வ வகைகளைத் தேடக் கற்றுக்கொள்வது நமக்கு வெறும் ஆடம்பரம் இல்லை, இந்த விளையாட்டுக்குள் நுழைவதற்கான வாசலே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி வரலாறு. ஜிபிஎஸ் குறிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. நூறு மீட்டர் வரை தவறிய கருவி திடீரென்று பத்துப் பதினைந்து மீட்டருக்குள் வந்தது. மறுநாளே, மே 3 அன்று, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து அதன் இடக்குறிப்பை இணையத்தில் போட்டார். அங்கே தொடங்கியதுதான் எல்லாம்.

முதல் படி: எந்த வகைகள் அபூர்வம்?

சாதாரணம் என்றால் குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதுவது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எர்த்கேஷ்: பெட்டி கிடையாது. நிலம் உருவான கதையை அந்த இடத்திலேயே நின்று படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி, வைத்தவருக்கு அனுப்ப வேண்டும். அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியில் 2004இல் தொடங்கியது. வரைபடத்தில் பூமி உருண்டைக் குறி. நம் பக்கத்துக்கு இதுவே ராஜா. கீழே விரிவாக வருகிறேன்.

விர்ச்சுவல்: இதற்கும் பெட்டி இல்லை, ஒரு சின்னப் பேய் உருவம்தான் குறி. போய்ப் பார்த்து, கேட்ட படத்தையோ விடையையோ அனுப்ப வேண்டும். 2005இல் புதிதாக வைப்பதை நிறுத்திவிட்டார்கள். 2017 முதல் அவ்வப்போது தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் ஆளுக்கொன்று வைக்க அனுமதி கொடுக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் ஒன்று தென்பட்டால் விடாதீர்கள்.

வெப்கேம்: பொது இடத்துக் கேமரா முன்னால் நின்று, அந்தக் கேமரா காட்டும் படத்தை இன்னொருவரை விட்டுப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இதுவும் 2005க்குப் பிறகு புதிதாக வைக்கப்படுவதில்லை. கேமரா பழுதானால் அந்தக் கேஷும் போயிற்று. வருடா வருடம் தேய்ந்துகொண்டே வருகிற வகை.

வேரிகோ: 2008இல் வந்தது. ஒரு சின்னக் கணினி விளையாட்டை, கார்ட்ரிட்ஜ் என்பார்கள், கைப்பேசியில் இறக்கிக்கொண்டு நிஜ இடத்தில் நடந்தே விளையாட வேண்டும்.

லெட்டர்பாக்ஸ் கலப்பு: பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். அதை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ளலாம், எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதன் வேர் ஜியோகேஷிங்கை விட மிகப் பழையது. 1854இல் இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பில் ஒரு வழிகாட்டி, வந்துபோகிறவர்கள் முகவரி அட்டை போட்டுச் செல்ல ஒரு பாட்டிலை வைத்ததிலிருந்து பிறந்த பழக்கம்.

அட்வென்சர் லேப்: தனிச் செயலி. பெரும்பாலும் ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. இடத்துக்குப் பக்கத்தில் போனால்தான் கேள்வி திறக்கும்.

மர்மக் கேஷ்: நீல நிறக் கேள்விக்குறி. வரைபடத்தில் இருக்கும் புள்ளி பொய்ப் புள்ளி, புதிரை அவிழ்த்தால்தான் உண்மை இடம் தெரியும். உலகளவில் இது அபூர்வம் இல்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம் என்பதால் சேர்க்கிறேன்.

2001இல் ஒரு ஹாலிவுட் படத்தின் விளம்பரத்துக்காக வைத்த ஏப் வகை, சியாட்டிலில் உள்ள நிறுவனத் தலைமையகத்தில் இருக்கும் வகை என்று இன்னும் சில உண்டு. அவற்றைப் பற்றிப் படிக்கலாம், பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தேட முடியாது.

இரண்டாம் படி: கணக்கும் எண்களும்

ஜியோகேஷிங் டாட் காம் தளத்தில் இலவசக் கணக்கு போதும். செயலியில் மட்டும் பார்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன். கட்டணம் கட்டாதவர்களுக்குச் செயலியில் பல குறிகள் மங்கலாக, திறக்க முடியாமல் கிடக்கும். அதே கேஷின் பக்கத்தை இணையதளத்தில் திறந்தால், "பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டும்" என்று வைத்தவரே பூட்டாதவரை, விவரம் முழுக்கக் கிடைக்கும். வகைவாரியாகச் சலிக்கும் வடிகட்டிகள் பெரும்பாலும் கட்டணக்காரர்களுக்கே. அது இல்லாமல் தேடும் வழிகள் அடுத்த படியில்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் சி-ஜியோ என்ற இலவசச் செயலியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பகுதியின் கேஷ்களை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்துவைக்க அது நல்ல துணை. மாஞ்சோலைப் பக்கம் சிக்னலை நம்பிப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது எண்கள். புதிதாக வருகிறவர்கள் விழும் பள்ளம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கூகுள் வரைபடம் இடத்தைத் தசம டிகிரியில் காட்டும். ஜியோகேஷிங் தளம் டிகிரியும், தசம நிமிடமுமாகக் காட்டும். நெல்லை நகரப் பக்கம் ஒரு புள்ளியைக் கூகுள் 8.7250, 77.7000 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் தசமப் பகுதியை 60ஆல் பெருக்குங்கள். 0.7250 பெருக்கல் 60 என்றால் 43.500. 0.7000 பெருக்கல் 60 என்றால் 42.000. ஆக, வடக்கு 8° 43.500, கிழக்கு 77° 42.000.

பெருக்காமல் 8.43500, 77.42000 என்று அப்படியே கூகுளில் தட்டினால் என்ன ஆகும்? தெற்கே சுமார் 32 கி.மீ., மேற்கே சுமார் 31 கி.மீ. தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குள் புள்ளி விழும். நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 44 கி.மீ. பிழை. நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாகத் தட்ட வேண்டும் என்று அதிலேயே புரியும்.

மூன்றாம் படி: ஊர்ப்பெயரை எல்லா வேஷத்திலும் தேடுங்கள்

பிற நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நமக்கு இருக்கிறது.

கேஷ் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வைத்தவர் சுற்றுலா வந்தவராகவோ, வேலை நிமித்தம் வந்தவராகவோ இருக்கலாம். அவர் நம் ஊர்ப்பெயரை எப்படி எழுதியிருப்பார் என்று சொல்ல முடியாது. திருநெல்வேலியை ஆங்கில எழுத்தில் 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். நெல்லை என்று மட்டும் எழுதுவார்கள். பழைய புத்தகம் படித்தவராக இருந்தால் டின்னவேலி. பாளையங்கோட்டையில் 'ம்' வரும், 'ன்' வரும், வெள்ளைக்காரர் காலத்துப் பாளம்கோட்டா வரும். குற்றாலம் கோர்ட்டலம் ஆகியிருக்கும். தாமிரபரணிக்குத் தாம்ரபர்ணியும் உண்டு, பொருநையும் உண்டு. ஒரு தாளில் இந்த எழுத்துக்கூட்டல்களையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகத் தேடுங்கள்.

மாவட்டப் பெயரையும் நம்பாதீர்கள். தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல் பிரிந்தது. அதற்கு முன் எழுதிய பக்கத்தில் குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கும். தமிழ்நாடு என்று தேடிவிட்டு வரைபடத்தில் தெற்கே இறங்கி வருவது பல சமயம் சுலபம்.

கட்டண வடிகட்டி இல்லாதவர்களுக்குத் தேடுபொறியே வடிகட்டி. கூகுளில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் ஜியோகேஷிங் தளத்தின் முகவரி, பிறகு மேற்கோள் குறிக்குள் ஊர்ப்பெயர், பிறகு வகையின் பெயர். எல்லாம் ஆங்கில எழுத்தில். இப்படிக் கேட்டால் அந்தத் தளத்துப் பக்கங்கள் மட்டும் வரும். எர்த்கேஷ், விர்ச்சுவல், வேரிகோ என்று சொல்லை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊர்ப்பெயரில் கிடைக்காவிட்டால் பொருளின் பெயரில் தேடுங்கள். எர்த்கேஷ் என்றால் அருவி, மணல்மேடு, சுண்ணாம்புப் பாறை, கார்னெட் என்ற சிவப்புக் கல் என்பவற்றின் ஆங்கிலச் சொற்கள். விர்ச்சுவல் என்றால் பாலம், கோட்டை, நினைவுத்தூண்.

தேடும் வட்டத்தைப் பெரிதாக்கவும் தயங்காதீர்கள். அபூர்வ வகைக்காக மனிதர்கள் நாடு விட்டு நாடு போகிறார்கள். நெல்லையிலிருந்து கன்னியாகுமரி சுமார் 85 கி.மீ., திருவனந்தபுரமும் மதுரையும் சுமார் 150 முதல் 160 கி.மீ. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிற தூரம்தானே. இந்த மூன்று திசைகளையும் தனித்தனி மையமாக வைத்துத் தேடுங்கள்.

அட்வென்சர் லேப் மட்டும் இதில் வித்தியாசம். மற்ற எல்லாக் கேஷுக்கும் 'ஜிசி' என்று தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும், லேபுக்குக் கிடையாது. அதனால் குறியீட்டாலோ கூகுளாலோ அதைப் பிடிப்பது கடினம். லேப் செயலியைத் திறந்து வரைபடத்தை அங்கேயே நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

நான்காம் படி: ஆளைப் பிடியுங்கள்

ஒரு எர்த்கேஷ் வைத்தவர் ஒன்றோடு நிற்பதில்லை. அவர் பெயரைத் தட்டினால் அவர் வைத்த மற்றவை வரும். அதைவிடப் பலன் தருவது கண்டுபிடித்தவர்களின் பதிவுகள். தமிழ்நாட்டில் எங்கோ ஒரு கேஷில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் பதிவு போட்டிருக்கிறார் என்றால், அதே வாரத்தில் அவர் வேறு எங்கெல்லாம் போனார் என்று அவருடைய பக்கத்தில் தேதிவாரியாகப் பாருங்கள். ரயிலில் தெற்கே இறங்கி வந்தவராக இருப்பார். வழியில் தொட்டதெல்லாம் வரிசையாகக் கிடைக்கும். வரைபடம் காட்டாததை ஒரு மனிதரின் நடை காட்டிவிடும். நான் முதன்முதலில் இந்த வழியைப் பிடித்த அன்று இரவு ஒரு மணி வரை தூங்கவில்லை.

கேஷ் பக்கத்தில் பொதுப் பட்டியல்கள் என்று ஒரு பகுதியும் இருக்கும். யாரோ ஒருவர் ஆர்வத்தில் 'தென்னிந்திய நிலவியல்' என்பது போலத் தொகுத்து வைத்திருக்கக் கூடும். கண்ணில் பட்டால் உள்ளே போய்ப் பாருங்கள்.

ப்ராஜெக்ட்-ஜிசி என்ற புள்ளிவிவரத் தளம், நாடு வாரியாக, வகைவாரியாக வரைபடம் போட்டுக் காட்டும். சில வசதிகளுக்குப் பணம் கேட்பார்கள், இலவசப் பகுதியே நமக்குப் போதும். ஓப்பன்கேஷிங் என்று ஒரு தனிக் கூட்டம் ஜெர்மனியிலும் போலந்திலும் வலுவாக இருக்கிறது. அதன் ஜெர்மன் தளத்தில் விர்ச்சுவலுக்குத் தடை இல்லை. நம் நாட்டில் பயன்பாடு மிகக் குறைவு.

ஐந்தாம் படி: வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை

மர்மக் கேஷ் என்றால் பக்கத்தின் ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகப்படுங்கள். தலைப்பு, படத்தின் கோப்புப் பெயர், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து எல்லாம் தடயம்தான். தளத்தில் வரும் குறிப்புகள் ஆங்கில எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளிப்போட்டு மறைத்தவை. ஒரு சொடுக்கில் அவிழும். மற்ற மறைகுறிகளுக்கு டிகோட், கேஷ்ஸ்லூத் போன்ற தளங்கள் உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு. இது என் கற்பனை, அப்படி ஒரு கேஷ் இருப்பதாக எண்ணிக் கிளம்பிவிட வேண்டாம். நெல்லையையும் பாளையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த நான்கு இலக்கங்களை வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று வைப்போம். அ 1, ஆ 8, இ 4, ஈ 3. இறுதி நிமிடத்தின் மூன்று தசமங்கள் "இ கூட்டல் அ, ஆ கழித்தல் ஈ, அ கூட்டல் ஈ" என்று புதிர் சொன்னால், விடை 5, 5, 4. அதாவது .554. இப்படித்தான் பெரும்பாலான எண் புதிர்கள் நடக்கும். ஆண்டை விக்கிப்பீடியாவில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். புதிர் வைத்தவர் கல்வெட்டில் இருப்பதைக் கேட்டிருந்தால் நேரில் போவதே நல்லது, இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

விடை சரிதானா என்று பார்க்க, பக்கத்தில் சரிபார்ப்பான் ஒன்று இருக்கும். சர்டிட்யூட், ஜியோசெக் ஆகியவை பரவலானவை. அது இல்லையென்றால் ஒரு விதி கைகொடுக்கும். மர்மக் கேஷின் உண்மை இடம், காட்டிய பொய்ப் புள்ளியிலிருந்து பொதுவாக 3.2 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் விடை புள்ளியிலிருந்து ஆலங்குளம் வரை போய் விழுந்தால், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வேரிகோவுக்குக் கார்ட்ரிட்ஜை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஒருமுறை திறந்தும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வேர்யூகோ என்ற செயலி நன்றாக ஓடுகிறது. தலைகீழ் வேரிகோ என்று ஒரு ரகம் உண்டு. கேஷ் பக்கத்தில் இருக்கும் மூன்று ஆறு-இலக்க எண்களை உள்ளிட்டால், "இன்னும் இத்தனை மீட்டர்" என்று தூரத்தை மட்டும் சொல்லும், திசை சொல்லாது. மூன்று வேறு வேறு இடங்களில் நின்று தூரத்தைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால், வெட்டும் இடமே விடை. பிள்ளைகளோடு செய்ய அருமையான வேலை. பத்தாம் வகுப்பு வடிவியல் தரையில் இறங்கி வந்து நிற்கும்.

ஆறாம் படி: கிளம்புமுன்

கடைசியாகக் கண்டுபிடித்த தேதியைப் பாருங்கள். பிறகு கடைசி ஐந்து பதிவுகளைப் படியுங்கள். நீல முகம் தொடர்ந்து வந்தால் கிடைக்கவில்லை என்று பொருள். வைத்தவர் கடைசியாக எப்போது தளத்துக்கு வந்தார் என்பதும் அவர் பக்கத்தில் தெரியும். எர்த்கேஷிலும் விர்ச்சுவலிலும் இதற்கு இரட்டை மதிப்பு, உங்கள் விடையை வாசிக்க ஆள் வேண்டுமே.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் கைப்பேசியில் சேமித்த பக்கத்தை நம்பி ஒரு மலையடிவாரத்துக்குப் போய், வெயிலில் இரண்டு மணி நேரம் பாறை பாறையாகத் தடவினேன். வீட்டுக்கு வந்து தளத்தைத் திறந்தால், அந்தக் கேஷை ஒரு மாதத்துக்கு முன்பே மூடிவிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து, கிளம்புகிற அன்று காலையில் எல்லாவற்றையும் புதுப்பிக்காமல் செருப்பு மாட்டுவதில்லை.

நம் ஆற்றங்கரைக்கு இன்னொரு தேதி முக்கியம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு ஓடிய நாட்கள். அதற்கு முந்தைய பதிவு எதையும் ஆற்றோரத்தில் நம்ப வேண்டாம். பெட்டி மட்டுமில்லை, அடையாளத்துக்குச் சொன்ன மரமும் மண்டபப் படியும் இருக்கிறதா என்று யாராவது பிறகு போய்ப் பார்த்திருந்தால்தான் உறுதி.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது. வரைபடத்தில் குறி இருக்கிறது என்பது அனுமதி ஆகாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், அணைகள், ரயில் பாதை ஆகியவற்றின் அருகே கருவியும் கையுமாகச் சுற்றவே வேண்டாம். கோயிலுக்குள் படம் எடுக்கும் விதிமுறையை வாசலிலேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கொண்டுவந்தால், விமான நிலையத்திலேயே வழக்காகலாம். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். சாதாரணக் கைப்பேசி ஜிபிஎஸ் போதும்.

போலீஸோ ஊர்க்காரரோ கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள், பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். நம் ஊரில் உண்மையைச் சொன்னால் உதவிக்கு நாலு பேர் வருவார்கள்.

பக்கத்து வீட்டுத் தேடல் ஒன்று

ஜியோகேஷ் அல்ல, ஆனால் அதே ரத்தம். டிகிரி சந்திப்புத் திட்டம் என்று 1996இல் அலெக்ஸ் ஜாரெட் என்ற அமெரிக்கர் தொடங்கினார். அட்சரேகையும் தீர்க்கரேகையும் முழு எண்ணில் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்கு நேரில் போய்ப் படமெடுத்துப் போடுவதுதான் வேலை. நமக்கு மிக அருகில் இருப்பது வடக்கு 9°, கிழக்கு 78°. எட்டயபுரத்துக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில், கரிசல் பூமியில் விழுகிறது. அங்கே கல்லும் இல்லை, பலகையும் இல்லை. கைப்பேசியில் பூஜ்யங்கள் வரிசையாக வந்து நிற்கும்போது வரும் சந்தோஷம்தான். யாருடைய புஞ்சை என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். விதைத்திருந்தால் வரப்போடு நின்றுவிடுங்கள்.

கடைசிப் படி: இல்லாத இடத்தில் நீங்களே ஒன்று

இவ்வளவு தேடியும் உங்கள் ஊர்ப் பக்கம் காலியாகவே இருந்தால், எர்த்கேஷ் எழுதுங்கள். விர்ச்சுவல் வைக்க அழைப்பு வேண்டும், லேபுக்கும் அனுமதி வேண்டும். எர்த்கேஷுக்கு நல்ல இடமும் நல்ல கேள்வியும் போதும். முதலில் சில எர்த்கேஷ்களை நீங்களே நேரில் செய்து பாருங்கள், அப்போதுதான் நல்ல கேள்வி எது என்று பிடிபடும்.

நான் கண் வைத்திருக்கும் இடங்களில் ஒன்று திசையன்விளை அருகே ஆயன்குளம். 2021 மழையில் குளம் நிரம்பி வழிந்த வெள்ளம் வாரக்கணக்கில் ஒரு விவசாயக் கிணற்றுக்குள் பாய்ந்தும் கிணறு நிரம்பவே இல்லை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான குகை வழிகளில் நீர் போகிறது என்று விளக்கினார்கள். நிலவியல் பாடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அது தனியார் நிலம், ஆழமான கிணறு. உரிமையாளரின் சம்மதமும் பாதுகாப்பான நிற்குமிடமும் உறுதியாகாமல் நான் எழுதப் போவதில்லை.

இன்னொன்று குதிரைமொழித் தேரி. குருதி நிறத்தில் மணல்மேடுகள், இடையிடையே பனையும் முந்திரியும். போன ஆனியில் அங்கே குந்தியிருந்து மணலை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பனையேறி ஒருவர் நின்றார்.

"என்னத்தத் தேடுதிய தம்பி? எதுவும் தொலச்சிட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி. இந்த மண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்குன்னு பாக்கேன்."

"காத்து கொண்டாந்து போட்ட மண்ணு. ஆடியில வந்து பாருங்க, நேத்து நடந்த தடம் இன்னைக்கு இருக்காது."

எர்த்கேஷின் பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் பருவக்காற்று மணலைக் குவிக்கிறது. மணல்துகளின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு சிவப்பைக் கொடுக்கிறது. இதைப் பக்கத்தில் விளக்கிவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். "தேரி மணல் ஏன் சிவப்பு?" என்று கேட்டால் தள்ளிவிடுவார்கள், வீட்டிலிருந்தே கூகுளில் எடுத்துவிடலாமே. அங்கே நின்றால் மட்டும் சொல்லக்கூடியதைக் கேட்க வேண்டும். நான் எழுதி வைத்திருக்கும் மூன்று கேள்விகள் இவை. ஒரு கைப்பிடி மணலைப் பத்து முறை தேய்த்தபின் உள்ளங்கையில் என்ன நிறம் ஒட்டியிருக்கிறது? மேட்டின் எந்தப் பக்கம் சரிவு அதிகம், அதிலிருந்து காற்றின் திசை என்ன என்று நினைக்கிறீர்கள்? மணலின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்தினால் எந்த நிறத் துகள்கள் ஒட்டுகின்றன? பார்த்து முடித்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள், எதையும் எடுத்துப் போகக் கூடாது.

பக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வருகிறவர் எந்த நாட்டவராக இருந்தாலும், தேரியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் அங்கே இருக்கட்டும். நில உரிமையாளரின் அல்லது வனத்துறையின் அனுமதியைக் குறிப்பிட்டு அனுப்பினால், எர்த்கேஷுக்கென்றே உள்ள ஆய்வாளர்கள் படித்துத் திருத்தம் கேட்பார்கள். பாடம் கனமாக இருக்கிறது, கேள்வி எளிதாக இருக்கிறது என்று திரும்பி வரும். திருத்தி மறுபடி அனுப்புங்கள். வெளியான பிறகு, விடை அனுப்பியவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் உடனே பதிவு போட்டுக்கொள்ளலாம். இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியாவது எழுதுங்கள். என் கையில் இப்போது அந்த மூன்று கேள்விகளும் ஒரு சின்னக் காந்தமும் இருக்கின்றன. சரிவைக் காற்று மாற்றிவிடுகிறதா என்று பார்க்க ஆடியில் ஒருமுறை போய் அளந்துவிட்டு, பிறகு அனுப்புவேன்.